கெட்டிமேளத்தில் கழற்றாத லென்ஸ்

என் வீடியோக் கடையை மூடிவிட்டேன் என்று தெரிந்தும் நீங்கள் விடுவதாக இல்லை. வாரத்துக்கு ஒருத்தராவது கூப்பிட்டு, "அண்ணே, கல்யாணத்துக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். யூடியூப்பில் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வருகிறீர்கள் என்பதும் தெரியும். பரவாயில்லை. கேட்டுவிட்டீர்கள், இனி முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இரண்டு போதும். கிட்டப் போய் எடுக்க ஒரு குட்டை லென்ஸ், எட்ட நின்று எடுக்க ஒரு நீள லென்ஸ். குட்டை லென்ஸ் மணவறைக்கு. அங்கே ஐயர், புகை, தோழிப்பெண், எட்டி எட்டிப் பார்க்கும் சித்தப்பா எல்லோருக்கும் நடுவில் நமக்கு நிற்க ஓர் அடி இடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த இடத்தில் நின்றே எல்லாம் படத்துக்குள் அடங்க வேண்டும். நீள லென்ஸ் மண்டபத்துக்கு. தன்னை யாரோ எடுக்கிறார்கள் என்று தெரியாத முகம் அதில்தான் கிடைக்கும். மூன்றாவது வாங்க ஆசை வந்தால் நல்ல சப்பாத்து ஒரு ஜோடி வாங்குங்கள். நாள் முழுக்க நிற்கப் போவது உங்கள் கால்.

வாங்கிவிடலாம், எப்போது மாற்றுவது என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வான். தஞ்சோங் மாலிமில் ஒரு கல்யாணம். நம் ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், அட்சதை விழுந்துகொண்டிருக்கும்போதே லென்ஸைக் கழற்றிக் கேமராவைத் திறந்தார். மஞ்சள் அரிசி ஒன்று நேராக உள்ளே போய்விட்டது. அரிசியைத் தட்டிவிட்டார், மஞ்சள் தூள் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அன்று பூராவும் மாப்பிள்ளையின் மூக்கில் ஒரு கறை. படத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, பையனுக்கு ஏதோ தோல் வியாதி என்று பயந்தே போனார்.

அதனால்தான் என்னிடம் கேமரா கற்றுக்கொண்ட உங்களுக்கெல்லாம் ஒன்றைப் பாடமாகவே சொல்லி வைத்தேன். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக மண்டபத்தைச் சுற்றி வரும்போது நீள லென்ஸ். தட்டு திரும்பி மணவறை ஏறுவதற்குள் குட்டை லென்ஸ் மாட்டியிருக்க வேண்டும். கெட்டிமேளம் கொட்டிவிட்டால், சாமியே வந்து கேட்டாலும் கேமராவைத் திறக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு சிரிப்பு வரும். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. "இவரே லென்ஸ் மாத்துறேன்னு தாலிய கோட்டை விட்டவர்தானே லா" என்று பேசிக்கொள்வீர்கள். ஆமாம், ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதை நான் எடுக்கவில்லை. லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அன்று நான் லென்ஸைக் கழற்றவே இல்லை. இதைச் சொல்லலாம் என்று சம்பந்தப்பட்ட பெண்ணே போன மாதம் சொல்லிவிட்டாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

கொரோனாவுக்கு முந்திய காலம். பெண் வீட்டார் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் இருந்தார்கள். அப்பா லாரி ஓட்டியவர், அம்மா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்தவர். கல்யாணம் சில மாதம் கழித்து ஈப்போவில் பெரிய மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. அதற்குள் ஈரல் கெட்டுப்போய் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். டாக்டர் கையை விரித்த பிறகு, அவர் கண்ணை மூடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தேதியை முன்னுக்கு இழுத்தார்கள். அவர் போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் செய்ய முடியாது, தெரியும்தானே. ஈப்போவில் மண்டபம் கிடைக்கவில்லை. தாப்பாவுக்குப் பக்கத்தில் அவர் பிறந்த தோட்டத்தின் மாரியம்மன் கோயில் கிடைத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கோயிலும் அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மண்டபமும் மட்டும் மிச்சம். அவசரக் கல்யாணம் என்பதால் ஃபோட்டோவுக்கு மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், வீடியோ எடுக்க நான் ஒருவன்தான்.

காலையில் அலங்காரம் நடக்கும்போது பெண் என்னைக் கூப்பிட்டாள். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்ததால் திரும்ப முடியாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணே, ஒரு உதவி. தாலி கட்டுறத மட்டும் தனியா வெட்டி என் ஹேண்ட்போனுக்கு அனுப்பிடுங்க. சாப்பாடு முடிஞ்சதும் நேரா அப்பாகிட்டதான் போறோம். மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் பரவால்ல. அதை மட்டும் அப்பா பாக்கணும்."

"கவலப்படாதம்மா. காடியில ஏறுறதுக்குள்ள வந்துடும்" என்றேன். வாய்கூசாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தாலித் தட்டு கிளம்பும் நேரம் வந்தது. தட்டில் தேங்காய், அதன் மேல் தாலி. அதைச் சுமங்கலிகள்தான் எடுத்துப் போக வேண்டும் என்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நீ போ, நீ போ என்று நின்றபோது பெண்ணின் அம்மாவே கை நீட்டி வாங்கிக்கொண்டார். "எம் புருசன் பேருல நானே ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்" என்றார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலை நிறைய மல்லிகை, அரக்குப் பட்டு. நான் மணவறை ஓரத்தில் நீள லென்ஸோடு நின்று அவரைத் தொடர்ந்தேன்.

அந்தத் தோட்டத்தில் மண்டபத்துக்குள் லைன் கிடைக்காது. பின்னால் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் ஹேண்ட்போன் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு ஒரு சொந்தக்காரரை விட்டு வந்திருந்ததால், அம்மாவின் தம்பி, அதாவது பெண்ணின் தாய்மாமன், காலையிலிருந்து அந்தக் கேட்டைவிட்டு நகரவில்லை. அம்மா தட்டோடு நாற்காலி வரிசைகளைத் தாண்டிப் பின்பக்கம் போகப் போக, என் லென்ஸில் அவருக்குப் பின்னால் தம்பியின் முகம் வந்தது. காதில் ஹேண்ட்போன். எதுவும் பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஹேண்ட்போனைப் பைக்குள் போட்டார். தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சேதி என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேர் இருக்கும் மண்டபத்தில் அந்தச் சாவு தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த அம்மா தாலித் தட்டோடு சிரித்துக்கொண்டே தம்பியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். ஐயோ, அங்கே போகாதேக்கா என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவா முடியும்?

தட்டைத் தம்பியின் முன்னால் நீட்டினார். அவர் தாலியைத் தொட்டுக் கும்பிடக் கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட நம்பாது.

அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த தம்பி மனைவியைக் கூப்பிட்டுத் தட்டை அவள் கையில் கொடுத்தார். குனிந்து தன் முட்டியைத் தடவிக் காட்டினார். தம்பி மனைவி தட்டோடு முன்னால் நடக்க, இவர் கையில் ஒன்றுமில்லாமல் பின்னால் வந்தார். தட்டில் கை படாத தூரத்தில் வந்தார்.

தம்பி அதை முட்டிவலி என்றுதான் நினைத்தார். மண்டபத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். லென்ஸ் வழியாகப் பார்த்த நான் அப்படி நினைக்கவில்லை. தாலியைத் தூக்கத் தனக்கு இனி உரிமை இல்லை என்று தெரிந்துதான் அந்த அம்மா தட்டைக் கைமாற்றிவிட்டார். தெரிந்துகொண்டதைத் தம்பிக்குக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

தட்டு மணவறை ஏறியது. நான் லென்ஸ் மாற்ற வேண்டிய நேரம் அதுதான். குட்டை லென்ஸ் இடுப்புப் பையில் மூடி திறந்து தயாராக இருந்தது. பெண் மேலிருந்து அம்மாவை, "வாம்மா, மேல வா" என்று கையசைத்துக் கூப்பிட்டாள். அம்மா முட்டியைக் காட்டிவிட்டுக் கீழேயே, தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். யாரோ அவர் கையில் அட்சதையைக் கொட்டினார்கள். ஐயர் நாதஸ்வரக்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார். மண்டபமே எழுந்து நின்று ஹேண்ட்போனைத் தூக்கியது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் யாருக்காக அந்தத் தாலிப் படம் வேண்டும் என்று அவள் கேட்டாளோ, அவர் இல்லை. தாலியை எடுக்க மண்டபம் முழுக்க ஹேண்ட்போன் இருந்தது, மாப்பிள்ளை வீட்டு ஃபோட்டோக்காரரும் மேலே நின்றார். தூணுக்குப் பக்கத்தில் நின்ற அந்த அம்மாவை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டும் பூவுமாக அவர் நிற்கப் போகும் கடைசி நேரம் அது. லென்ஸைத் திருகிக் கழற்றும் பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. கெட்டிமேளம் கொட்டியது, நான் மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நீள லென்ஸில் அவர் முகம் மட்டும்தான். மகளைக் கண் எடுக்காமல் பார்த்தார். சிரித்தார். உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. சுற்றி எல்லோரும் அட்சதை போட்டார்கள், அவர் தலையிலேயே எத்தனையோ அரிசி விழுந்தது. அவர் போடவில்லை. மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் மணவறையை நெருக்கியபோது யாரும் பார்க்காமல் முந்தானை நுனியை இழுத்து, கையில் இருந்த அரிசியை அதில் கொட்டி முடிந்துகொண்டார். அதையும் எடுத்தேன்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பெண் மாலையோடு என்னிடம் வந்தாள். "அண்ணே, அனுப்பிட்டீங்களா?"

"கொஞ்சம் இரும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பையில் எதையோ தேடினேன். நல்லவேளை, அதற்குள் தாய்மாமன் வந்து அவளையும் அம்மாவையும் கோயில் அறைக்குள் அழைத்துப் போனார். நான் கேமராவை அணைத்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தும் கேட்டது.

"எப்ப?" என்றார் அம்மா.

"இப்பதான்க்கா. இப்பதான் ஃபோன் வந்துச்சு."

"இப்பதானா?"

"ஆமாக்கா."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதார். அந்த அழுகையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணே, நான் ஃபோன் பேசுனது படத்துல விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு."

"அத தூக்கிடுங்கண்ணே, ப்ளீஸ். அக்கா பாத்தா என்னைய மன்னிக்காது. தாலித் தட்டோட எதுக்க வந்து நிக்கிது, நான் என்னான்னு சொல்றது? சொன்னா கல்யாணம் நிக்கும். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

வெட்டிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேறென்ன சொல்வது? உங்களுக்குத் தெரிந்த அடுத்த நிமிஷமே உங்க அக்காவுக்கும் தெரியும் என்று சொல்ல நான் யார்?

சில நாள் கழித்து அம்மாவே வந்தார். வெறும் நெற்றி, வெள்ளைப் புடவை. தனியாக வந்திருந்தார்.

"அண்ணே, நீங்க என்னையேதான் எடுத்துக்கிட்டு இருந்தீங்க. நான் பாத்தேன். ஒருக்கா போட்டுக் காட்டுங்க."

போட்டேன். தட்டைக் கொடுத்தது, தூணோரம் நின்றது, அரிசியை முடிந்துகொண்டது எல்லாவற்றையும் பார்த்தார். முகம் பெரிதாக வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "பொட்டு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். பிறகு, "அழிச்சிருங்க" என்றார்.

"அக்கா, யாருக்கும் காட்டமாட்டேன். என்கிட்டயே இருக்கட்டுமே?"

"வேணாம்ண்ணே. என் தம்பி பாவம், எனக்குத் தெரியாதுன்னே நெனச்சிக்கிட்டு இருக்கான். அந்த நிம்மதியாச்சும் அவனுக்கு இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுல இது தெரிஞ்சா, தெரிஞ்சே தீட்டோட கட்டுன தாலின்னு சொல்லுவாங்க. நாளைக்கு என் பொண்ணுக்குப் புள்ள தங்கலன்னாலும் இதத்தான் சொல்லுவாங்க, மாப்பிள்ளைக்கு வேல போனாலும் இதத்தான் சொல்லுவாங்க. படம்னு ஒண்ணு இருந்தா என்னைக்காவது ஒரு நாள் வெளிய வரும். என் கண்ணு முன்னால அழிங்க."

எடுத்த படத்தை நம் தொழிலில் யாரும் இப்படி அழிக்க மாட்டார்கள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. கேமரா கார்டில் இருந்ததை அழித்தேன், கணினியில் இருந்ததை அழித்தேன். "அவ்வளவுதானா? வேற எங்கயும் இல்லியே?" என்று கேட்டார். இல்லையென்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

விருந்தினர்களிடமிருந்து வாங்கிய ஹேண்ட்போன் வீடியோக்களை வைத்துத் தாலி கட்டும் இடத்தை ஒட்டுப் போட்டேன். ஆடிக்கொண்டே இருக்கும், பாதி நேரம் யாரோ ஒருவரின் முழங்கை. அதைப் பார்த்துவிட்டுப் பெண் கடைக்கு வந்து கத்தினாள். அவள் கோபத்தில் ஒரு குற்றமும் இல்லை.

"எங்க அப்பாவுக்குத்தான் காட்ட முடியல, எனக்காச்சும் இருக்கும்னு பாத்தா இப்படியாண்ணே? தாலி கட்டும்போது எங்க அம்மா ஒரு இடத்துலகூட இல்ல. எங்கண்ணே இருந்தீங்க நீங்க?"

"லென்ஸ் மாத்திக்கிட்டு இருந்தேன்மா. தப்புதான்."

"இதுக்குத்தான் உங்கள நம்பிக் குடுத்தோமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு ஊரெல்லாம் சொன்னாள். உங்கள் காது வரைக்கும் வந்தது அப்படித்தான். அதனால் எனக்குப் போன கல்யாணங்களைப் பற்றி இப்போது பேசி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

தாய்மாமன் கொரோனாவில் போய்விட்டார். அம்மா போன வருஷம் போனார். போன மாதம் அந்தப் பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அம்மாவின் திதிக்கு ஒரு நல்ல படம் வேண்டும், தனக்குத் தாலி கட்டிய நேரத்தில் பொட்டோடு நின்ற படமாக வேண்டும் என்றாள். "வெட்டிப்போட்டதுல எங்கயாச்சும் எங்க அம்மா இருப்பாங்களாண்ணே? ஒரு நொடி இருந்தாலும் போதும்."

இனி யாரைக் காப்பாற்ற வேண்டும்? சொல்லிவிட்டேன். கேட்டில் மாமா நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம் இல்லை, உன் அம்மா முன்னால் உட்கார்ந்திருக்க நானே அழித்தேன் என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா மூஞ்சி எப்படிண்ணே இருந்துச்சு? மறுபடியும் சொல்லுங்க" என்றாள். மறுபடியும் சொன்னேன். பொட்டு, பூ, அசைந்த உதடு, நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்த கை எல்லாம் சொன்னேன். அந்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டதைச் சொன்னபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

"மஞ்சள் அரிசியா?"

"ஆமாம்மா."

 அவள் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"அம்மா சாமி மேடையில, அப்பா படத்துக்குப் பின்னால, ஒரு துணி முடிச்சு இருந்துச்சுண்ணே. உள்ள அரிசி, எல்லாம் புழுத்துப்போயி. எந்தக் கோயில் அரிசின்னு யாருக்கும் தெரியல. வீட்டக் காலி பண்ணும்போது நாந்தான் குப்பையில போட்டேன்."